மருந்துக்குத் துணைநிற்கும் மருந்து: திரிகடுகும் சமணர் கண்ட மருத்துவ அறமும்

பதினெண்கீழ்க்கணக்கு என்னும் தொகுப்பில் மூன்று அறநூல்கள் மருந்தின் பெயரால் வழங்குகின்றன. திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்பன அவை. திரிகடுகத்தை இயற்றிய நல்லாதனார் திருமாலை வணங்கியவர். சிறுபஞ்சமூலத்தின் ஆசிரியர் காரியாசானும் ஏலாதியின் ஆசிரியர் கணிமேதாவியாரும் சமணர்கள். இவ்விருவரும் மாக்காயனார் என்னும் ஆசிரியரிடம் ஒருசாலை மாணாக்கராய்ப் பயின்றவர்கள் என்பது தமிழறிஞர் கருத்து. உடற்பிணி தீர்க்கும் மருந்தின் பெயரை உள்ளப்பிணி தீர்க்கும் நூலுக்கு இவர்கள் இட்டனர் என்று பள்ளிகளில் கற்பிக்கிறோம். அவ்விளக்கம் சரியானதே. ஆயினும் அந்த மருந்துகளில் அடங்கியிருப்பது என்ன, சமண அறத்தோடு அவற்றுக்குள்ள தொடர்பு யாது என்னும் வினாக்களையும் எழுப்பிப் பார்த்தால், நம் முன்னோரின் அறிவும் அருளும் ஒருங்கே புலப்படும்.

மூன்றும் ஐந்தும் ஆறும்

சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்று காரப்பொருள்களின் கூட்டே திரிகடுகம். மூன்றையும் சம அளவில் எடுத்து இடித்துச் சலித்த பொடியே நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் விற்கப்படும் திரிகடுகு சூரணம். கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்தின் வேர்கள் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஏலாதியில் ஆறு பொருள்கள் உள்ளன. ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று அதன் அளவைக் கூறுவர்.

இந்த அளவுகளைக் கூட்டினால் 21 பங்கு வரும். அவற்றுள் மிளகும் திப்பிலியும் சுக்கும் மட்டுமே 15 பங்கு. ஆகவே ஏலாதி என்பது பெரும்பகுதி திரிகடுகமே. ஏலம் அதற்கு மணத்தையும் பெயரையும் தருகிறது. அதன் வலிமை திரிகடுகத்தில் இருக்கிறது. வைணவப் புலவர் ஒருவரும் சமணப் புலவர் ஒருவரும் தத்தம் நூலுக்குத் தேர்ந்த பெயர்களுக்குள் இம்மூன்று பொருள்களும் பொதுவாக அமைந்தன. அக்காலத் தமிழ் மக்களின் இல்லங்களில் இவை எத்துணை அறிமுகமானவையாக இருந்திருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். அறிமுகமில்லாத மருந்தின் பெயரை எந்த ஆசிரியரும் மக்களுக்கான நூலுக்கு இடமாட்டார்.

மகத நாட்டுப் பெயர்

இம்மூன்றனுள் திப்பிலிக்குச் சமணரோடு ஒரு பெயர்த்தொடர்பு உண்டு. வடமொழியில் அதற்குப் பிப்பலி என்பது பெயர். மாகதி, வைதேகி என்பனவும் அதன் மறுபெயர்கள். மாகதி மகத நாட்டையும், வைதேகி விதேக நாட்டையும் நினைவூட்டும் பெயர்கள். வர்த்தமான மகாவீரர் தோன்றிய வைசாலி விதேக நாட்டைச் சார்ந்தது. அவர் நடந்து அறமுரைத்த மண் மகதம். அவருடைய உபதேசம் அமைந்த மொழியை அர்த்தமாகதி என்கிறோம். அம்மொழியின் பெயரிலும் இக்கொடியின் பெயரிலும் ஒரே நாடு ஒலிக்கிறது. மாகதி என்னும் சொல் திப்பிலியைக் குறித்துத் தமிழிலும் வழங்கியது.

பிப்பலி என்னும் சொல் கடல் கடந்து கிரேக்கரிடம் பெபெரி ஆயிற்று. உரோமரிடம் பைப்பர் ஆயிற்று. முதலில் திப்பிலிக்கு வழங்கிய அப்பெயர் பின்னர்ச் சேர நாட்டு மிளகுக்கும் உரியதாயிற்று. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, ஒரு பவுண்டு எடையுள்ள திப்பிலி 15 தெனாரியமும் கருமிளகு 4 தெனாரியமும் விலை பெற்றதாக எழுதி வைத்துள்ளார். மிளகைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு விலை கொடுத்துத் திப்பிலியை அவர்கள் வாங்கினர் என்பது இதனால் தெரிகிறது.

1819ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிவியலாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட், மிளகிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்குப் பைப்பரின் என்னும் பெயர் அமைந்தது. அடுத்த ஆண்டிலேயே, மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்னும் உண்மையைக் கண்டு அவர் பெரும்புகழ் எய்தினார். அப்புகழின் நிழலில் மிளகு ஆய்வு மறைந்துபோயிற்று. மகதத்துப் பிப்பலி என்னும் சொல்லே உருமாறிப் பைப்பரினாகப் புத்துயிர் பெற்றது என்பதைத் தமிழ் மாணவர் அறிந்திருத்தல் நலம்.

காரத்தின் உள்ளுறை

பைப்பரின் மிளகிலும் திப்பிலியிலும் உள்ளது. மிளகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து முதல் ஒன்பது பங்கு வரை இருக்கும். திப்பிலியில் அதனினும் குறைவு. சுக்கின் காரம் வேறு பொருள்களால் ஆனது. பைப்பரின் நாவில் பட்டவுடன், வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளையே அது தூண்டுகிறது. மிளகு சூடான பொருள் அன்று. உடல் அதைச் சூடாக உணர்கிறது. ஐயத்தை அறுத்துச் செரிமானத் தீயை மூட்டும் பொருள் என்று சித்த மருத்துவரும் ஆயுர்வேத மருத்துவரும் திரிகடுகத்தைக் கூறியதற்கு இந்த உணர்வும் ஒரு காரணமாகலாம்.

நாள்பட ஒளி பட்டால் பைப்பரினின் அமைப்பு மாறிக் காரம் குறையும். மிளகையும் திப்பிலியையும் வாய் மூடிய கலத்தில், வெளிச்சம் புகாத இடத்தில் வைக்கவேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வந்தது வெறும் வழக்கம் அன்று.

பிற மருந்துகளின் பயனை மிகுவித்தலே பைப்பரினின் தனிச்சிறப்பு. நாம் விழுங்கும் எந்த மருந்தையும் உடல் அயற்பொருளாகவே கருதுகிறது. குடற்சுவரில் வாயிற்காவலர் போல் நிற்கும் சில புரதங்கள் உள்ளே வந்த பொருளை மீண்டும் வெளியே தள்ளுகின்றன. அவற்றைக் கடந்து சென்றாலும் கல்லீரலில் உள்ள நொதிகள் அப்பொருளை மாற்றிக் கழிவாக்குகின்றன. இதனால் உண்ட மருந்தில் ஒரு பகுதியே குருதியைச் சென்றடைகிறது. பைப்பரின் அந்தக் காவலரையும் நொதிகளையும் சிறிது நேரம் தளரச் செய்கிறது. அவ்வேளையில் உடன் சென்ற மருந்து கூடுதலாகக் குருதியில் கலக்கிறது.

ஆய்வுக்கூடம் கண்ட பழைய உண்மை

இந்த உண்மையை இக்கால அறிவியல் உணர்ந்த வரலாறு சுவையானது. ஆடாதோடை இலையோடு திப்பிலி சேர்ந்தால் இரைப்பு நோய்க்கு அதன் பயன் மிகுகிறது என்று போஸ் என்னும் அறிஞர் 1929இல் குறித்தார். அது நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்தது. பின்னர் ஜம்முவில் உள்ள வட்டார ஆய்வுக்கூடத்தில் சி. கே. அடல் என்பாரும் அவருடன் பணியாற்றியவர்களும், ஆயுர்வேதக் கூட்டு மருந்துகளில் திரிகடுகம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று வினவினர். ஒரு கைநூலில் தொகுத்த 370 கூட்டு மருந்துகளைப் பார்த்தபோது, 210 மருந்துகளில் திரிகடுகமோ அதன் உறுப்புகளில் ஒன்றோ இடம்பெற்றிருந்தது. வெவ்வேறு நோய்களுக்கான இத்தனை மருந்துகளில் ஒரே பொருள் இருப்பின், அது நோயைத் தீர்ப்பதற்கு மட்டுமன்றி மருந்துக்குத் துணைநிற்பதற்கும் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். 1979 முதல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகள் அவ்வெண்ணத்தை மெய்ப்பித்தன. அத்துணைக்குக் காரணமான பொருள் பைப்பரின் என்பதும் தெளிவாயிற்று.

1998இல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆய்வாளர்கள் மஞ்சளின் உட்பொருளான குர்க்குமினை ஆராய்ந்தனர். 2 கிராம் குர்க்குமினைத் தனியே உண்டபோது அது குருதியில் காண்பதற்கே அரிதாக இருந்தது. அதனோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது உடலுக்குக் கிடைத்த அளவு ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்தது. சளி பிடித்த பிள்ளைக்கு மஞ்சளும் மிளகும் சேர்த்துப் பாலில் காய்ச்சிக் கொடுத்த பாட்டியின் கைப்பக்குவத்துக்கு இது சான்றாயிற்று.

இந்த ஆராய்ச்சியின் பெரும்பயன் காசநோய் மருத்துவத்தில் வெளிப்பட்டது. அந்நோய்க்குரிய முதன்மை மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் வழக்கமாக 450 மில்லிகிராம் அளவில் தரப்படுவது. ஜம்மு ஆய்வுக்கூடமும் கேடிலா நிறுவனமும் சேர்ந்து 10 மில்லிகிராம் பைப்பரினோடு 200 மில்லிகிராம் ரிஃபாம்பிசினும் 300 மில்லிகிராம் ஐசோனியாசிடும் கலந்த மருந்தை உருவாக்கின. 2009இல் அது இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பாதிக்கும் குறைந்த அளவு ரிஃபாம்பிசின் முழு அளவின் பணியைச் செய்யுமாறு அமைந்தது அம்மருந்து. ஏழைகளை மிகுதியும் வாட்டும் ஒரு நோய்க்கு, ஏழையின் அஞ்சறைப்பெட்டியில் இருந்த பொருளே துணையாயிற்று.

ஔடத தானம்

இனிச் சமண அறத்துக்கு வருவோம். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நான்கு தானங்களைச் சமணம் இல்லறத்தார்க்கு விதித்தது. பசித்தவர்க்கு உணவு, அஞ்சியவர்க்கு அடைக்கலம், நோயுற்றவர்க்கு மருந்து, அறியாதவர்க்கு நூல் என்பது அவற்றின் பொருள். சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் ஔடத தானத்துக்கு எடுத்துக்காட்டாக விருஷபசேனை என்னும் பெண்ணின் பெயரைச் சொல்கிறார். அந்நூலைத் தழுவியே தமிழில் அருங்கலச்செப்பு எழுந்தது. தமிழகத்துச் சமணக் குன்றுகள் சிலவற்றில் கற்படுக்கைகளுக்கு அருகே சிறு குழிகள் காணப்படும். அவை முனிவர் மருந்து இடிப்பதற்குக் குடைந்தவை என்று சுற்றுவட்டார மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

மருத்துவத்தைச் சமணர் தம் ஆகமத்தின் ஓர் உறுப்பாகவே கருதினர். பதினான்கு பூர்வங்களுள் பன்னிரண்டாவதாகிய பிராணாவாயம் உயிர்காக்கும் கலையைப் பற்றியது. அம்மரபில் வந்த பெருநூல் உக்கிராதித்தியர் இயற்றிய கல்யாணகாரகம். தமக்கு முன் மருத்துவ நூல் செய்த முனிவர்களை அவர் அதில் நினைவு கூர்கிறார். கண், காது முதலியவற்றின் மருத்துவம் பற்றிப் பூஜ்யபாதரும், அறுவை மருத்துவம் பற்றிப் பாத்திரசுவாமியும், நஞ்சு நீக்கும் முறை பற்றிச் சித்தசேனரும், குழந்தை மருத்துவம் பற்றி மேகநாதரும் எழுதியதாக அவர் குறிப்பிடுகிறார். மருத்துவத்தின் ஒவ்வொரு துறைக்கும் ஒரு துறவி நூல் செய்திருந்தார் என்பது இதனால் பெறப்படும்.

அவையில் நிகழ்ந்த வழக்கு

அக்கால மருத்துவ நூல்கள் பலவற்றில், உடல் தேய்ந்த நோயாளிக்குப் புலால் சாறு விதிக்கப்பட்டிருந்தது. சரகரும் சுசுருதரும் அதனைக் கூறினர். கொல்லாமையை உயிரினும் மேலாகக் கொண்ட சமணர் இங்கு ஓர் இக்கட்டில் நின்றனர். ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரைக் கொல்லலாமா? கொல்லேன் என்று மறுத்து நோயாளியைக் கைவிடுவதும் அருளாகுமா? இவ்விரண்டுக்கும் இடையே வழி காணவேண்டிய பொறுப்பு சமண மருத்துவரைச் சார்ந்தது.

இராட்டிரகூட மன்னன் நிருபதுங்கன் அமோகவர்ஷன் அவையில், அறிஞரும் மருத்துவரும் கூடியிருந்தபோது, உக்கிராதித்தியர் இவ்வழக்கை எடுத்துரைத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் ஆண்ட அம்மன்னன் ஜினசேனரைக் குருவாகக் கொண்டவன். புலால் மருந்தாகாது, அதை உண்பதால் பயனில்லை என்று அவ்வவையில் உக்கிராதித்தியர் நிறுவிய வாதம், கல்யாணகாரகத்தின் இறுதியில் இதாகித அத்தியாயமாக இடம்பெற்றுள்ளது. நன்மை தருவது எது, தீமை தருவது எது என்று பகுத்துரைப்பதால் அதற்கு அப்பெயர். அந்நூல் 1940இல் சோலாப்பூரில் அச்சேறியது.

அவருடைய நிலைப்பாடு அறவுரையோடு நின்றிருந்தால் மருத்துவர் எவரும் அதை ஏற்றிருக்க மாட்டார். புலாலை விலக்கிய பின் நோயாளிக்குத் தர என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டிருப்பர். நூல் முழுவதும் செடி கொடிகளின் மருத்துவத்தை விரித்துரைத்த பிறகே அவர் அவ்வாதத்தை வைத்தார். கொல்லாமை என்பது ஒன்றை மறுப்பதோடு முடிவதன்று. மறுத்ததற்கு மாற்றாக மற்றொன்றைத் தேடித் தரும் உழைப்பையும் அது கேட்கிறது என்பதை அவர் செயலால் காட்டினார்.

தேனும் பச்சை இஞ்சியும்

இல்லறத்தாரும் இவ்வாறே வழி கண்டனர். கள், புலால், தேன் மூன்றையும் விலக்குமாறு சமண நூல்கள் சிராவகருக்கு விதித்தன. மருத்துவர் திரிகடுகு சூரணத்தைத் தேனில் குழைத்து உண்ணச் சொல்வது பொதுவழக்கு. சமண இல்லங்களிலோ வெல்லத்திலோ நெய்யிலோ குழைத்தும், வெந்நீரில் கலந்தும் உண்டனர். இதனால் மருந்து குன்றியதா? பைப்பரின் மிளகிலும் திப்பிலியிலும் உள்ளதேயன்றித் தேனில் உள்ளதன்று. மேலும் அது நீரில் மிகக் குறைவாகவே கரையும். கொழுப்போடு எளிதில் கலக்கும். ஆகவே நெய்யில் குழைத்து உண்ட வழக்கம் பைப்பரினின் இயல்புக்கு இசைந்ததே.

இஞ்சியிலும் இதே நுட்பம் உண்டு. மண்ணுக்குள் விளையும் பச்சைக் கிழங்குகள் எண்ணற்ற உயிர்களுக்கு ஒரே உடலாய் இருப்பன என்று சமணம் கருதுவதால், நோன்புடையோர் பச்சை இஞ்சியை விலக்குவர். வெயிலில் காய்ந்து சுக்கானபின் அதனை மருந்தாகக் கொள்வர். மிளகும் திப்பிலியும் கொடியில் காய்ப்பன. காய் பறித்தபின் கொடி மறுபடியும் காய்க்கும். நெடிய உண்ணாநோன்பை முடிப்போர்க்குப் பாசிப்பயற்று நீரில் சுக்கும் மிளகும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்திலும், ஓய்ந்திருந்த வயிற்றை மெல்ல எழுப்பும் அதே அறிவு காணப்படுகிறது.

துணையின் வலிமையும் எச்சரிக்கையும்

இத்தகைய பொருளை எப்படியும் எவ்வளவும் உண்ணலாம் என்று எவரும் கருதலாகாது. எந்த ஆற்றலால் பைப்பரின் மருந்தின் பயனைப் பெருக்குகிறதோ, அதே ஆற்றலால் மருந்தின் தீங்கையும் பெருக்கவல்லது. வலிப்பு நோய்க்கும் இதய நோய்க்கும் குருதி உறையாமைக்கும் நாள்தோறும் மருந்து உண்போர், பைப்பரின் மாத்திரைகளையோ மிகுதியான திரிகடுகு சூரணத்தையோ மருத்துவரைக் கேளாமல் சேர்த்துக்கொண்டால், உடலில் மருந்தின் அளவு வேண்டியதற்கு மேல் ஏறக்கூடும். சமையலில் சேரும் மிளகால் அந்த அச்சம் பெரிதும் இல்லை. காசநோய் உற்றவர் அரசு மருத்துவமனை தரும் மருந்தை விட்டுவிட்டு மிளகை மட்டும் நம்புவதும் பெரும்பிழை. பைப்பரின் துணைநின்றது முறையான மருந்துக்கே என்பதை மறக்கலாகாது.

சமணர் தம் நூலாகப் போற்றும் திருக்குறள், மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என்கிறது. நான்காவதாக நிற்கும் அத்துணைவன் நோயைத் தீர்ப்பவன் அல்லன். ஆயினும் அவனின்றி மருத்துவம் நிறைவுறாது. மருந்துகளுக்குள் திரிகடுகம் பெற்ற இடம் அத்துணைவன் இடம் போன்றது.

காரியாசானும் கணிமேதாவியாரும் இதை அறிந்தே பெயர் சூட்டினர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஏலாதி தன் பாடல்தோறும் ஆறு அறங்களை ஒருசேர அடுக்கிச் சொல்கிறது. கொல்லாமையைச் சொல்லும்போதும் அதனைத் தனியே விடாமல், கொலைக்கு உடன்படாமை, கொல்வாரோடு சேராமை முதலியவற்றையும் உடன்நிறுத்துகிறது. ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகும்போதே அறம் பயன் தரும் என்பது அந்நூலின் அமைப்பே உணர்த்தும் கருத்து. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளும் கூடி நின்றே வீடுபேற்றுக்கு வழியாவன என்று சமணம் கூறுவதும் இதனோடு ஒத்தது.

இன்று மருந்து அறிவு பெருகியுள்ளது. மருந்து கிட்டாத மனிதரும் பெருகியுள்ளனர். விழா நாள்களில் ஆகார தானம் நம்மிடையே குறைவின்றி நடைபெறுகிறது. ஔடத தானமும் அதற்கு இணையாக நடைபெறுதல் வேண்டும். காசநோயாளி ஒருவர் ஆறு மாதம் தவறாமல் மருந்து உண்ணத் துணைநிற்பதும், முதியவர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், மருந்து வாங்க இயலாத குடும்பத்துக்கு மாதந்தோறும் அதனை வாங்கித் தருவதும் ஔடத தானமே. மருந்தை ஆக்கும் ஆற்றல் சிலர்க்கே வாய்க்கும்; மருந்துக்குத் துணைநிற்கும் பேறு அனைவர்க்கும் வாய்க்கும். மகாவீரர் நடந்த மண்ணின் பெயர் தாங்கிய அச்சிறு காய் இத்தனை நூற்றாண்டுகளாகச் செய்து வருவதும் அதுவே.